சுவரில் இருக்கும் என் வீட்டுக் கதவு

எங்கள் தெருவின் நடுவே போகும் சிமெண்டு ரோடுதான் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் எல்லை. எதிர்வீட்டுக்காரிக்குப் புதுச்சேரி ரேஷன் கார்டு, எனக்குத் தமிழ்நாடு கார்டு. இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் மீன் கூடையோடு காரைக்காலுக்குப் போவோம்.

ரோட்டுக்கு அவள் பக்கத்தில் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனிக் கொட்டகையைப் படித்த பிள்ளைகள் சிலர் வாடகைக்கு எடுத்தார்கள். படம் போடலாம், பாடலாம், யாரும் வரலாம் என்றார்கள். நான் வாசலோடு திரும்பிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் எதிர்வீட்டுக்காரிதான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவரவர் வீட்டுக் கதவைச் சுவரில் வரையச் சொன்னார்கள். கடல் கொண்டுபோன எங்கள் பழைய வீட்டின் கதவை நான் வரைந்தேன். நீலப் பெயிண்டு, உப்பு அரித்த அடிப்பலகை, இடுப்புக்கும் கீழே நாதாங்கி. நான் மீன் விற்கப் போயிருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கு எட்ட வேண்டுமென்று அவள் அப்பா அங்கே அடித்தது. அந்த வீட்டுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. படத்துக்கு அடியில் என் பெயரை நானே எழுதினேன். இப்போது வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, கொட்டகைத் திறப்பு விழாவுக்கு வா, ஒன்று காட்ட வேண்டும் என்றேன்.

விழாவுக்கு முதல் நாள், கொட்டகையை நடத்தும் தம்பி வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நெனக்காதீங்கம்மா. பணம் குடுக்குறவங்க புதுச்சேரி கார்டு உள்ளவங்க பேருதான் போடணுங்குறாங்க. படம் அப்படியே இருக்கும்."

"சரிங்க தம்பி" என்றேன்.

எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் குடிக்க அந்தப் பக்கம் போனால் எந்தக் கடையிலும் கார்டு கேட்பதில்லை. அவர் போன பிறகுதான் இது வாயில் வந்தது.

மறுநாள் மகளோடு போனேன். என் பெயரைச் சுண்ணாம்பால் மறைத்து, எதிர்வீட்டுக்காரி பெயரை எழுதியிருந்தார்கள். அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். விழாவுக்கு விருந்தாளியாக வந்த ஒரு அம்மா அவளிடம் கேட்டார்: "நாதாங்கி ஏன் இவ்ளோ கீழ இருக்கு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "சும்மா, ஒரு அழகுக்குங்க."

கை தட்டினார்கள். மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

"சும்மா இருடி, மானம் போவுது."

"யாரு மானம்மா? அது எனக்கு வச்ச நாதாங்கி. அதக்கூட ஒன்னால சொல்ல முடியலல்ல?"

அவளுக்காக வைத்த கொடுவா மீன் குழம்பைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி சால்வையோடு வந்தாள். "யக்கா, இது ஒன்னோடது. புடி."

"ஒனக்குப் போத்துனது. பனிக்கு ஆவும், வச்சுக்க."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்" என்றேன். பொய்.

இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் அந்தக் கதவருகே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாதாங்கியைத் திறப்பதுபோல் கை வைக்க எல்லோரும் குனிய வேண்டியிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், அழகுக்கு என்று பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. மகள் இன்னும் என் போனை எடுக்கவில்லை. நான் கூடையோடு ரோட்டின் இந்தப் பக்கமாகவே போகிறேன்.