பெருமுக்கல் பஸ்ஸும் நான் முந்திச் சொன்ன சாட்சியும்

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் வேலை என்பது வேறொன்றுமில்லை. ஓட்டத் தெரியாதவர் கையில் ஸ்டீரிங்கைக் கொடுத்துவிட்டு, ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது. திண்டிவனத்தில் ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பதால், ஜெபம் கேட்கப்படாத நாட்களிலும் ஆட்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். புத்தாண்டுக்குத் தீர்மானம் எடுத்து, பொங்கலுக்குள் அதைத் தொலைத்துவிட்டு, யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிற என் இனத்துச் சகோதர சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் போகாத சீட்டு

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனையன்று ஒரு வழக்கம். ஆளுக்கொரு சீட்டில் அந்த வருடத் தீர்மானத்தை எழுதி, மடித்து, முன்னால் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். வருடக் கடைசியில் அவரவர் சீட்டு அவரவர் கைக்கு வரும். எட்டு வருடமாக என் சீட்டைப் பிரித்து, ‘அதிகாலை ஜெபம், உடம்பைக் குறைப்பது, கோபத்தைக் குறைப்பது’ என்று படித்து, அதையே மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன். கையெழுத்து மட்டும் முன்னேறியிருந்தது.

இந்த வருடம் எனக்கு மனசு கொதித்துப்போயிருந்தது. சபைக்கு ஒரு பழைய பஸ் உண்டு. பெருமுக்கல் பக்கத்துக் காலனி ஜனங்களை, வாரம் முழுக்கக் கழனியில் குனிந்து நிற்கிறவர்களை, ஞாயிறு காலையில் ஏற்றி வந்து, ஆராதனை முடிந்ததும் கொண்டுபோய் விடும். டிரைவர் சென்னைக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண டிரிப்பை விட்டுவிட்டு எந்த டிரைவர் வருவார்? ஆறு மாதமாக பஸ் ஆலய வளாகத்தில் நிற்க, அடியில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. காலனி ஜனங்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். என் அம்மா பிறந்த காலனி அது.

கேட்டது கிடைக்கும் முன்பே, கிடைத்துவிடும் என்ற விசுவாசத்தில் மைக்கில் நன்றி சொல்லிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். தேவன் செய்ததைச் சொல்கிற சாட்சி நேரத்தில் நானும் எழுந்து, சீட்டைப் பெட்டியில் போடாமல் எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். இந்த வருடம் ஹெவி லைசென்ஸ் எடுத்து அந்த பஸ்ஸை நானே ஓட்டப்போகிறேன், அதற்காக இப்போதே ஸ்தோத்திரம் என்றேன். லாரிப் படியில்கூட அதுவரை நான் கால் வைத்ததில்லை. கமிட்டிச் செயலாளர் தேவசகாயம் ஐயா என்னை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார்:

“சீட்டப் பெட்டியில போட்டிருந்தா டிசம்பர் வரைக்கும் நிம்மதியா இருந்திருக்கலாமேம்மா எஸ்தரு.”

ஊர் பார்க்கும்

எங்கள் முதலாளிக்கு இரண்டு கிளை. கார்கள் திண்டிவனத்தில், ஹெவி பழக்குகிற பழைய லாரி விழுப்புரத்தில். அந்த லாரியில் என்னைப் பழகவிடுங்கள் என்று கேட்டபோது முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும், இடுப்பு போய்விடும், நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் தேவையா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். இந்த ஒன்பது வருடத்தில் உங்கள் காரில் எத்தனை ஆம்பளைகளுக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவர்களில் எத்தனை பேருக்கு இடுப்பு இருந்தது என்று கேட்டேன். டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். கடைசியில், யாரும் எழுந்திருக்காத நேரத்தில் வந்து பழகிக்கொள் என்றார். யாருக்குப் பயந்து ஒளிந்து பழக வேண்டும்? ஏழரை மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

தினம் காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்து, விழுப்புரம் வரை அவர் கிளட்ச் மிதிக்கிற காலையே பார்த்துக்கொண்டு போவேன். ஒரு டிரைவர் சங்கடப்பட்டு நெளிந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மைதானத்தில் லாரி நாலு முறை நின்றது. சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“லாரிக்கு ஆம்பள பொம்பள தெரியாது எஸ்தரு. ஊருக்குத்தான் தெரியும்.”

முப்பத்தெட்டாவது வகுப்பு

நூர்ஜஹான் கோட்டக்குப்பத்துப் பெண், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் துபாயில். இருபது வகுப்பில் முடிய வேண்டியவள் முப்பத்தெட்டாவது வகுப்பிலும் எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தான் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம், அவசரம் வேண்டாம் என்று கணவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் காரை ஓரங்கட்டச் சொல்லி, எதற்காகக் கார் ஓட்ட வந்தாய், அதை மட்டும் ஒரு சீட்டில் எழுது என்றேன். என் சீட்டையும் எடுத்துக் காட்டினேன். வியர்வையில் நனைந்து, நாலாக மடிந்து கிழியும் நிலையில் இருந்தது. நாங்கள் ஏசுவிடம் சொல்வோம், நீ அல்லாவிடம் சொல், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சொல் என்றேன். அவள் எழுதவில்லை. ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அவரு ஊருக்கு வர்ற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிக்கினு போயி நிக்கணும் டீச்சர். அந்த மூஞ்ச நான் பாக்கணும்.”

விழுந்த கம்பம்

விழுப்புரத்தில் டெஸ்ட். முன்னால் ஓட்டியதெல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ரிவர்ஸ் எடுக்கும்போது இடது கண்ணாடியைப் பார்த்தேன், வலது பக்கம் இடிக்கப்போனது. வலதைப் பார்த்தேன், இடது பக்கத்தில் எல்லைக்கு நட்டிருந்த கம்பம் விழுந்தது. கம்பம் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆயிரம் பேரை பாஸ் பண்ணவைத்த டீச்சர் ஃபெயில். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எனக்கே என் மேல் கோபம் வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வாரமே தேவசகாயம் ஐயா வீட்டுக்கு வந்தார். கமிட்டியில் பேசிவிட்டார்களாம். நடக்காததற்குச் சாட்சி சொன்னது சபைக்குக் கேவலம், பஸ்ஸையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம், நீயே ஞாயிற்றுக்கிழமை எழுந்து தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொள் என்றார். ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். டெஸ்ட்டில் தோற்றுவிட்டேன், கம்பத்தைத் தள்ளிவிட்டேன் என்று மைக்கில் சொன்னேன். தேவனுக்குச் சொன்ன வார்த்தையை ஒரு கம்பத்துக்காக வாபஸ் வாங்கமாட்டேன், மறுபடி போகிறேன், அதுவரை பஸ்ஸை யாரும் விற்கக் கூடாது என்றும் சொன்னேன். மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன். கீழே இறங்கியதும் ஐயா சொன்னார்:

“தோத்ததெல்லாம் சாட்சியா சொல்ல ஆரம்பிச்சா, ஆராதன எப்பம்மா முடியறது?”

ஒரு சக்கரம்

முருகையன் பெருமுக்கல்காரன், முப்பது வயதுக்குள்தான். நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். பதினைந்து வருடமாக டிராக்டர் ஓட்டுகிறான், ஆட்களைக் கழனிக்கு ஏற்றிப்போவதும் அவன்தான். லைசென்ஸ் மட்டும் இல்லை. போலீஸ் ஒருமுறை பிடித்த பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தான். காரில் ஏறினால் டிராக்டர் மாதிரியே உலுக்கி எடுப்பான். ஆனால் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, ஒரு வண்டி மட்டுமே நுழையும் சந்தில் ரிவர்ஸில் போகிறவன் அவன் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. டீச்சர் என்ற கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு, எப்படி என்று கேட்டேன். மறுநாள் என்னோடு விழுப்புரம் வந்து, லாரிப் படியில் தொற்றிக்கொண்டு, நான் கண்ணாடிக்குக் கண்ணாடி தலையைத் திருப்புவதைப் பொறுமையாகப் பார்த்தான். அப்புறம் சொன்னான்:

“ரெண்டு பக்கமும் பாத்துக்கினு இருந்தா பேஜாருதான் டீச்சர். ஒரு சக்கரத்தக் கண்ணுல வச்சிக்கினு வாங்க, மத்தது தானா வரும்.”

எட்டே கால் மணி

இரண்டாவது டெஸ்ட்டில் கம்பங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. லைசென்ஸ் கார்டு கைக்கு வந்த பிறகான முதல் ஞாயிறு, மெக்கானிக் சரிபார்த்துக் கொடுத்த பஸ்ஸின் அடியிலிருந்து ஆடுகளை விரட்டிவிட்டு, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வைக்கிற இடத்தில் என் கிழிந்த சீட்டைச் செருகிவிட்டு, பெருமுக்கலுக்குக் கிளம்பினேன். தேவசகாயம் ஐயா பாதுகாப்புக்கு என்று கூடவே ஏறிக்கொண்டார். வழியெல்லாம் முன்சீட்டுக் கம்பியை அவர் விடவே இல்லை.

எட்டே கால் மணிக்குக் காலனி முனையில் நிறுத்தினேன். நாற்பது பேர் துவைத்த துணி உடுத்திக் காத்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்ததும் யாரும் ஏறவில்லை. ஒரு பெரியவர் ஐயாவைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு நிஜமாகவே லைசென்ஸ் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். நான் கார்டை எடுத்து நீட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே தவிர, காலை எடுத்து வைக்கவில்லை. இன்ஜினை நிறுத்தினேன். இவர்களுக்காகத்தானே இத்தனையும், இவர்களே ஏறாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? அப்போது கன்னியம்மா, நாற்று நட்டே முதுகு வளைந்துபோனவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புடவையைத் தூக்கிச் செருகி, எனக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள்:

“ஏறுங்க எல்லாம். முருகையன் டிராக்டர்ல இத்தினி வருசமா எந்த லைசென்ஸப் பாத்துக்கினு ஏறுனோம்?”

நாற்பது பேரும் ஏறினார்கள். ஆக, தீர்மானத்தைப் பெட்டியில் போட்டால் ஆட்டுக்கு நிழல்தான் மிஞ்சும் என்று தெரிந்துவிட்டதால், ‘அடுத்த கமிட்டித் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்பது’ என்று எழுதிய புதுச் சீட்டையும் வருகிற புத்தாண்டில் மைக்கில்தான் வாசிக்கப்போகிறேன்.