மருந்துக்கடை அக்காவின் தீர்ப்பு

"யாரு சாவாங்கன்னு தெரிஞ்சிட்டா நிம்மதியாப் படிக்கலாம் தம்பி" என்று புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார் மருந்துக்கடை அக்கா. யாராவது சீட்டை நீட்டினால் புத்தகம் கவிழ்ந்துவிடும். மாத்திரை அட்டையைக் கத்தரித்து, உறையில் போட்டு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் மறுபடி கதைக்குள் போவார்.

பாத்திரங்களை வாய்விட்டுத் திட்டுவது அவர் வழக்கம். "அறிவிருக்கா உனக்கு?" என்று ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில், இருமல் மருந்து கேட்க வந்தவர் படியிறங்கிப் போய்விட்டார்.

போன மாதம் அவர் கையில் இருந்தது நானும் படித்த தடித்த சரித்திர நாவல். சர்வாதிகாரி ஆளும் நாட்டில் ஒரு கணவனும் மனைவியும் சமையலறையில் ரகசியமாகத் துண்டறிக்கை அச்சடிக்கிறார்கள். கணவன் பிடிபடுகிறான். அடி தாங்காமல் மனைவியின் பெயரைச் சொல்லிவிடுகிறான். அவள் இளமை முழுக்கச் சிறையில் போகிறது. அவனைத் துரோகி என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

"எப்படி அக்கா இருக்கு?"

"கதை நல்லாத்தான் இருக்கு. அந்த சர்வாதிகாரிதான் சப்புன்னு இருக்கான். எந்நேரமும் மீசைய முறுக்கிட்டே நிக்கிறான். ஊரையே ஆட்டி வச்சவன் கொஞ்சம் சிரிச்சும் பேசியிருப்பான்ல?"

"அந்தப் புருஷன்?"

"அவனாலதான் எங்க வீட்ல ரெண்டு நாளு பேச்சுவார்த்தை இல்ல."

அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, "நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார். மனிதர் நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னதுதான் வினை.

"ரெண்டு அடி தாங்குவேன். மூணாவதுல உன் பேரச் சொல்லிடுவேன். விடலன்னா உங்கண்ணன் பேரையும் சேத்துச் சொல்லிடுவேன்."

"இத்தன வருஷம் குப்பை கொட்டினதுக்கு இதான் மரியாதையா?" என்று கேட்டதோடு அக்கா வாயை மூடிக்கொண்டார். அதன்பின் சாப்பாட்டுத் தட்டுதான் நங்கென்று பேசியது. அந்தக் கோபத்தோடே அதே அத்தியாயத்தை இன்னொரு தரம் படித்திருக்கிறார்.

"அந்தக் கதையில அவன், 'உயிரே போனாலும் உன் பேரு வாயில வராது'ன்னு சத்தியம் பண்ணான். அத நம்பித்தான் அவ வீட்லயே இருந்தா. எங்காளு முன்னாடியே சொல்லிட்டாரு. எனக்கு ஓடிப்போகவாவது நேரம் கெடைக்கும்ல?" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அடி வாங்கினவனையே எல்லாரும் திட்டறோம். அடிச்சவன் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா தம்பி?"

இல்லை. ஆனாலும் அந்தப் புருஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் சொன்னேன். "சின்ன வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

கடை அடைக்கும் நேரம். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய கணவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "என்ன, என் தலைதான் உருளுதா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. ஒரு அடிகூட விழல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா கதவைப் பூட்டிவிட்டு வந்து, அவர் மோவாய்க்கடியில் தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட் வாரை மாட்டி, இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.