ஒருக்களித்துப் படுக்கிறவளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக்

மல்லாந்து படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. சின்ன வயதிலிருந்தே இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டுதான் படுப்பேன். ஐம்பத்தாறு வயதில் இது ஒரு குறையாக வந்து நிற்கும் என்று யார் கண்டது!

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் கனடாவுக்குப் போகப்போகிறாள். போனால் மூன்று வருஷத்துக்கு வரமாட்டாளாம். அதற்கு முன்னால் இமயமலையில் ஐந்து நாள் நடக்க வேண்டும், நானும் கூட வர வேண்டும் என்றாள். "நாம ரெண்டு பேரு மட்டும் எங்கியாச்சும் போயிருக்கமாம்மா?" என்று கேட்டாள். போனதே இல்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டென்ட்டில் படுக்கை, அவரவர் மூட்டையை அவரவரே சுமக்க வேண்டும். அதனால் ஸ்லீப்பிங் பேக் ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும், நீயே பார்த்து வாங்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தருமபுரியில் மெத்தைக் கடை, கம்பளிக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். "டபுள் பெட்ஷீட் தரட்டுங்களா?" என்கிறார்கள். கடைசியில் போனில் தேடி, எண்ணூறு கிராமில் ஒன்றை ஆர்டர் போட்டேன். நீளம் பார்த்தேன், எவ்வளவு குளிர் தாங்கும் என்று பார்த்தேன், நிறம்கூடப் பார்த்தேன். அகலத்தை மட்டும் பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வந்த அன்றே, மத்தியானச் சமையலை முடித்துவிட்டு ஹாலில் விரித்து உள்ளே புகுந்தேன். தோளில் அகன்று காலுக்குப் போகப்போகக் குறுகும் பை. ஜிப்பை இழுத்ததும் முழங்கால் மடங்கவில்லை. நான் திரும்பினால் பையும் கூடவே திரும்பி, தலையை மூடுகிற துணி மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. இடுப்புக்கு அடியில் பஞ்சு நசுங்கி, டைல்ஸ் தரையின் குளிர் எலும்பில் ஏறியது. சாப்பிட வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதென்னடி, நடுவூட்ல பொணத்தக் கட்டிப் போட்ட மாதிரி! எந்திரி மொதல்ல."

"முடிஞ்சா எந்திரிக்க மாட்டனா? ஜிப்பு மாட்டிக்கிச்சு, வந்து இழுங்க!"

சிரித்துக்கொண்டே இழுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, இடுப்பும் முழங்காலும் வருகிற இடத்தில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்த ஒன்றை வரவழைத்தேன். கூடவே அடியில் போட, காற்றடைக்கிற மெத்தை. இடப்பக்கம் திரும்பினேன், காலை மடக்கினேன், பத்தே நிமிஷத்தில் குறட்டை விட்டேனாம். இரண்டும் சேர்ந்து இரண்டரைக் கிலோ. இருந்தால் என்ன, சந்தையிலிருந்து ஐந்து கிலோ தூக்கி வராதவளா நான்?

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்து, நடந்து பழகலாம் என்று வத்தல்மலை அடிவாரத்துக்குக் கூட்டிப்போனாள். துணி, தண்ணீர், பை, மெத்தை எல்லாம் என் முதுகில். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் ஓரத்துத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பைக்கில் மேலே ஏறிக்கொண்டிருந்த மலைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"ஏங்க்கா, இந்த வெயில்ல எதுக்கு மூட்ட? வண்டில வெச்சுக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்.

ஏழாவது வளைவில் நான் உட்கார்ந்துவிட்டேன். "குடும்மா, நான் தூக்கறேன்" என்று மகள் என் மூட்டையை வாங்கி மார்பில் மாட்டிக்கொண்டாள். முதுகில் அவளுடையது, முன்னால் என்னுடையது. பத்தடிக்கு ஒருமுறை நின்று தோள்பட்டையைச் சரி செய்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னதை எடுத்தால் எனக்குத் தூக்கம் கிடையாது, பெரியதை எடுத்தால் அவள் சுமக்க வேண்டும். நான் என்னதான் செய்வேன்?

"கண்ணு, நீ உன் ஃபிரண்ட்ஸோட போயிட்டு வா. என்னால ஆவாது" என்றேன்.

அதெல்லாம் முடியாது, நீ வந்துதான் ஆவணும் என்று கத்துவாள், கையைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூட்டையை இறக்கி வைத்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"சரிம்மா" என்றாள்.