சூளைக்கு ஆகாத ஒலிம்பிக் படகு

கடலே இல்லாத விருத்தாசலத்தில் உட்கார்ந்து ஒலிம்பிக் படகைத் தேர்ந்தெடுத்தவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். லீவில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பீங்கான் பட்டறையில் அச்சு வெட்டும் மாஸ்டர். புருவமெல்லாம் களிமண் தூசி. எதை எடுத்தாலும் விரலால் தட்டி ஓசை கேட்பார், என் போனைக்கூட.

ஒலிம்பிக்குக்குத் தேர்வாகும் கேட்டமரான் என்ற இரட்டை உடல் பாய்மரப் படகு ரகத்தைச் சென்னைப் படகு கிளப் ஒன்று பீங்கான் பொம்மைகளாகக் கேட்டிருந்தது. ஒலிம்பிக் படகுக் கமிட்டியின் பரிசீலனையில் குண்டாக ஒன்று, ஒல்லியாக ஒன்று என்று இரண்டு ரகங்கள். மாஸ்டர் இரண்டிலும் ஒவ்வொன்று சுட்டுப் பார்த்துவிட்டு, குண்டுக்கு அச்சு வெட்டிவிட்டார்.

"கமிட்டி இன்னும் முடிவே சொல்லலையே, மாஸ்டர்?"

"அவங்க தண்ணில வுட்டுப் பாக்கறாங்க. நான் சூளையில வுட்டுப் பாத்துட்டேன். ஒல்லி வளைஞ்சிபோவுது தம்பி."

கமிட்டி ஒல்லியைத் தேர்ந்தெடுத்தது. ஒல்லி இல்லையென்றால் ஆர்டரே வேண்டாம் என்றது கிளப்.

"தப்பு பண்ணிட்டாங்க. நீ காலேஜு படிச்சவன்தானே? இன்னொரு தடவ பாக்கச் சொல்லி கமிட்டிக்கு இங்கிலீஷுல ஒரு மெயிலு போடு."

சிரிக்காமல் போட்டேன். இதை டைப் செய்யும்வரை பதில் வரவில்லை. மாஸ்டரும் ஒல்லிக்கு அச்சு வெட்டவில்லை.