மூன்றாவது கட்டம்

‘மறுபடி’ என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தம்பி வீட்டுக் கூடத்தில். தம்பி மருமகள் போனை வைத்துவிட்டு, “மறுபடிக்கு இன்னிக்கும் சாப்பாடு ஆறிப்போச்சாம்” என்றாள். அது அவளுடைய அக்கா. அவர்கள் பிறந்த வீட்டில் மூன்று பெண்கள், மறுபடி நடு. எனக்கும் மகள் மாதிரிதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆய்வுப் பிரிவில் அவளுக்கு வேலை. உயிரை விடத் துணிந்து, பிழைத்து, வீடு திரும்பிய இளசுகளை ஒரு வாரத்துக்குள் போனில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுபடி, மறுபடி. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

மாடியில் ஒற்றை ஜன்னல் அறை. வெளுத்த பச்சைத் திரை உப்பி உப்பி அடங்குமாம். எதிர்முனையில் போன் மணி அடிக்க அடிக்க, நீளமான வராந்தாவில் நடப்பது போலவே அவளுக்கு இருக்குமாம். ஒவ்வொரு மணிக்கும் ஓர் அடி. கடைசிக் கதவு திறக்காது. வந்த வழியே திரும்பி நடப்பாள்.

இப்படிக் கூப்பிட்டு விசாரிப்பதை எல்லா ஆஸ்பத்திரியிலும் கட்டாயமாக்குவதா, அடியோடு நிறுத்துவதா என்று முடிவெடுக்க, சுகாதாரத் துறை ஆய்வு அறிக்கையைக் கேட்டது. பாதிப் பிள்ளைகள் உதவியை மறுத்துவிட்டதாக அறிக்கை சொன்னது. படித்ததும் இவள் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தாள். படிவத்தில் இரண்டே கட்டம்: பேசினார், மறுத்தார். எடுக்காதவர்களையெல்லாம் ‘மறுத்தார்’ கட்டத்தில் போட்டது இவள் கைதான்.

பெரிய டாக்டரிடம் ஒப்புக்கொண்டாள். அவர் துறைக் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிப்போனார்.

“ஒரு வருஷமா தப்பா டிக் போட்டிருக்கீங்க?” என்றார் அதிகாரி.

“ஆமா சார். இருந்ததே ரெண்டு கட்டம், கை வேற எங்க போகும்?”

“வேண்டாம்னுதானே எடுக்கல?”

“தெரியாத நம்பர்னா என் வீட்டுக்காரரே எடுக்க மாட்டார் சார்.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் எடுக்காதவர்களை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்க மூன்று வாரம் தவணை கொடுத்தார்.

வார்டில் இருந்தபோதே அவர்களைப் போய்ப் பார்த்திருந்ததால், இந்தத் தடவை முதலில் ஆளுக்கொரு செய்தி அனுப்பினாள். ஒருத்திக்கு இப்படி: ‘உன் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து சார்ஜர் தேடிக் கொடுத்த அக்கா நான். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடறேன்.’ முன்பு எடுக்காத நூற்றுப் பத்துப் பேரில் எழுபத்திரண்டு பேர் எடுத்தார்கள்.

“உங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்றாள் ஒரு பெண்.

“இல்லம்மா. சம்பளமே இதுக்குத்தான். சாப்ட்டியா?”

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சு மட்டும். தண்ணீரில் மல்லாந்து மிதப்பது போல அந்த மூச்சின் மேல் தானும் மிதந்ததாகச் சொன்னாள். பிறகு அந்தப் பெண், “நாளைக்கு டாக்டரைப் பாக்க வரட்டுமாக்கா?” என்றாளாம்.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் துறையின் ஆணை வந்தது. முதலில் செய்தி, பிறகு மூன்று தடவை போன். அதற்கும் பதில் இல்லையென்றால் நர்ஸ் வீட்டுக்கே போக வேண்டும். படிவத்தில் ‘எடுக்கவில்லை’ என்று இன்னொரு கட்டமும் சேர்ந்தது.

இப்போது அவள் அதே மாடியில், இன்னும் நாலு பேரோடு இருக்கிறாள். வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிறவர்களுக்குக் கூப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறாள்.