பிரேக்கில் இருந்த கால்

பள்ளி வேன் டிரைவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பீப்பி மாமா. சந்துக்குள் ஹாரன் அடித்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வருகிறது என்று வாயாலேயே அடிப்பார். பாதி வயதை லாரியில் கழித்துவிட்டு வேனுக்கு வந்தவர். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். பெடல் உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும் என்பார்.

அவருடைய குடலிறக்க ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். இடது காலுக்கு அன்று மாலையே உணர்ச்சி திரும்பிவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே வரவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "நரம்பு பாதிச்சிருக்கு. அபூர்வமா இப்படி ஆகும். மெல்லத்தான் சரியாகும், ஆகாமலும் போகலாம். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க" என்றார்.

டிரைவர் இதைப் பள்ளியில் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆள் வருவான், வந்தவன் போகமாட்டான்.

ஒருநாள் கடைக்குப் போய் வந்தவரை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். இடது காலில் மட்டும் இருந்தது.

"கழண்டது தெரியலையா?"

"தெரிஞ்சா எடுத்திருக்க மாட்டேனா?"

அவள் சிரிக்கவில்லை. "புள்ளைங்க ஏறுற வண்டிங்க அது."

"தொடை நல்லாத்தானே இருக்கு? அதால அமுக்கிக்குவேன்."

சாப்பாட்டுத் தட்டைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விடுப்பு முடிந்த காலையில், வலது காலில் செருப்பு நிற்காததால், வெறுங்காலோடே ஷெட்டுக்கு நடந்து போய் வேனை எடுத்தார். பக்கத்தில், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. பிரேக் போடும்போதெல்லாம் கால் அங்கேதான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே, கீழ எதைத் தொலைச்சீங்க?"

"நீ ரோட்டைப் பாரு."

"அதுக்கா எனக்குச் சம்பளம்?"

முதல் வீட்டில் ஒரு சிறுமி பையோடு நின்றாள். வேன் சரியாகத்தான் நின்றது. ஆயா இறங்கி அவளை ஏற்றிவிட்டு, பையை முன்னால் வைக்கக் குனிந்தாள்.

"அண்ணே, பிரேக்குல ரத்தம்."

"யாரோடது?"

"உங்களோடதுதான்!"

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, காலை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்தார். பஞ்சரான டயரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு. வழியில் எங்கேயோ மிதித்திருக்கிறார். பிடுங்கினார். ஒன்றும் தெரியவில்லை.

"பாப்பாவை இறக்கிடு."

"ஏண்ணே?"

"இறக்குன்னா இறக்கு. வேற டிரைவரை அனுப்பச் சொல்லி ஆபீசுக்குப் போன் போடு."

"காரணம் கேப்பாங்களே?"

"போனைப் போட்டு என்கிட்ட கொடு. நானே சொல்றேன்."

சாவியை உருவி அவள் கையில் வைத்தார். அவள் அவர் காலில் கைக்குட்டையைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

"வலிக்குதாண்ணே?"

"நீ கட்டு" என்றார்.