பட்டிழை சிக்கிய இடம்

தாவீதுக்குப் பயம் அதிகம். இது அவன் பெண்டாட்டி மரியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். செவிலிமேட்டில் மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததே வேறு. கலியாணசுந்தர முதலியாரின் நெல் மில்லில் அந்தப் பெரிய ஆயில் இன்ஜினைப் பத்து வருஷமாகக் கட்டி மேய்க்கிறானே, இவனுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டார்கள். நெஞ்சுரமாவது, மண்ணாவது! தினம் காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் மில்லுக்குப் பின்புறம் போய் ஒரு தரம் வாந்தி எடுப்பான். வாயைக் கொப்புளித்து, கண்ணை மூடி ஜெபம் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதவன் போல உள்ளே வருவான்.

இந்தப் பயத்துக்குக் காரணம் காசிநாதன். முன்னே வேறொரு ஊர் மில்லில் காசிநாதன் இன்ஜின் டிரைவர், தாவீது அவனுக்குக் கீழே எண்ணெய் போடுகிறவன். அந்தக் காலத்து இன்ஜின் சாவியைத் திருப்பினால் கிளம்புகிற ரகம் இல்லை. அதன் தலையில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு இருக்கும். ஊதுவிளக்கை வைத்து அதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். பழுத்த பிறகு சக்கரத்தை ஓர் ஆள் கையால் பிடித்துச் சுழற்றிவிட்டால் ‘டம் டம்’ என்று ஓடத் தொடங்கும். சக்கரத்தைப் பிடிக்கிறவனின் முகம் அந்தக் குண்டுக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும்.

ஒருநாள் தாவீது குண்டின் கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு பார்த்தான். அன்றைக்கு ஆயுத பூஜை. முதலாளியும் அவர் சம்பந்திகளும் மாலையும் கையுமாக நின்றிருந்தார்கள். சொல்ல வாயெடுத்தான். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனம் பேசுகிறான் என்று அடிப்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் குண்டு வெடித்தது. காசிநாதனின் முகத்தைத் துணியால் மூடித்தான் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். துணியை விலக்கச் சொல்லி அவன் தாயார் காலில் விழுந்து கேட்டாள். கடைசிவரை யாரும் விலக்கவில்லை.

தாவீது காஞ்சிபுரத்துக்கு ஓடிவந்தது அதற்குப் பிறகுதான். இங்கே பட்டு நெய்கிறவர்களிடம் ஒரு வழக்கத்தைப் பார்த்தான். ஊடை இழையைக் கொண்டு ஓடுகிற மரநாடா புதிதாக வந்தால், தறியில் போடுவதற்கு முன் காய்ச்சாத பச்சைப் பட்டிழை ஒன்றை எடுத்து அதன் மேல் நெடுக இழுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு இருந்தாலும் இழை அங்கே சிக்கி நிற்கும். நாடா இழைப்புக்குத் திரும்பப் போகும். அதைப் பார்த்த அன்றிலிருந்து தாவீதின் சட்டைப்பையில் கழிவுப் பட்டு கொஞ்சம் எப்போதும் இருந்தது. மரியம்மாள் இழை சுற்றப் போகிற இடத்தில் பொறுக்கிக்கொண்டு வந்து தருவாள். தினமும் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது குண்டின் மேல் அதை இழுத்துப் பார்ப்பான். யாராவது கேட்டால் துடைக்கிறேன் என்பான்.

முப்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் பாலாறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. முதலியாருக்கு நிலமெல்லாம் அக்கரையில். நெல் அங்கே நனைந்துகொண்டிருக்க, மில் இங்கே பட்டினி கிடந்தது. அப்போதுதான் தணிகாசலம் என்ற தரகன் வந்து சேர்ந்தான். பக்கிங்காம் கால்வாயில் சவுக்குக் கட்டை ஏற்றின பழைய படகு, மில்லில் இருக்கிற மாதிரியே குண்டு வைத்த ஆயில் இன்ஜின் போட்டது, மலிவாக இருக்கிறது என்றான். பத்து மாதம் மணலாகக் கிடக்கிற ஆற்றுக்குக் கப்பல் வாங்குகிறார் முதலியார் என்று பெரிய காஞ்சிபுரம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களுக்குக் காட்டியே தீரவேண்டும் என்று அவருக்கு வீம்பு ஏறிவிட்டது. நாலு ஜோடி மாடு பூட்டின வண்டியில் படகு செவிலிமேட்டுத் துறைக்கு வந்து இறங்கியது.

“நீதாண்டா இனிமே கப்பலோட்டி. போய் இன்ஜினைப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு. ராகுகாலத்துக்கு முன்னால அக்கரைக்குப் போயிட்டு வந்துடணும்” என்றார் முதலியார்.

கரையில் கூட்டம். தேங்காய், சூடம், சாமந்தி மாலை. அதே மாலை, அதே சூடம்! படகில் தணிகாசலத்தின் இன்ஜின்காரன் வீரபத்திரன் உட்கார்ந்திருந்தான். அம்மைத் தழும்பு முகம், சாதுவான ஆள். தாவீது குண்டைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுவென்று இருந்தது.

“காலையிலேயே காய்ச்சிட்டியா?”

“தணிகாசலம் அண்ணன் காய்ச்சி வைக்கச் சொன்னாருபா” என்றான் வீரபத்திரன், தலையைத் தூக்காமல்.

ஆறிப்போன இன்ஜின் முரண்டு பிடிப்பதை மறைக்கிற வித்தை அது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குண்டு முழுக்க எதற்கு இப்படிக் கருப்பு மை அப்பியிருக்கிறது? பழைய இரும்புக்கு இந்த அலங்காரம் யாரைக் கேட்டு? தாவீது பட்டிழையை எடுத்தான். மேலே இழுத்தான், வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் இழுத்தான், வந்தது. கழுத்தைச் சுற்றி இழுத்தபோது நின்றுவிட்டது. மறுபடி இழுத்தான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த வேலை போனால் வேறு எந்த மில்லிலும் சேர்க்கமாட்டார்கள். சேரிக்காரன் பேச்சைக் கேட்டு முதலியார் படகைத் திருப்பி அனுப்பினார் என்று ஊர் சிரித்தால், அவர் தோலை உரித்துவிடுவார்.

“என்னாடா, பாத்தியா? ஏறலாமா?” என்று கரையிலிருந்து கத்தினார் முதலியார்.

“வாணாங்கய்யா” என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. “வாணாங்க. குண்டுல விரிசல் இருக்குது.”

தணிகாசலம் குதித்தான். “ஐயே! கண்ணாடி மாதிரி இருக்குது, விரிசலாமே விரிசல்! முதலியாரே, உங்க ஆளுக்கு ஆத்தைப் பாத்துத் தொடை நடுங்குது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு இன்ஜின் மேல பழி போடறான்.”

கூட்டம் சிரித்தது. முதலியார் முகம் சிவந்து படகில் இறங்கினார். “எங்கடா விரிசல்? காட்டு!”

காட்டுவதற்கு என்ன இருக்கிறது, மைதான் இருந்தது. தாவீது பட்டிழையை நீட்டினான். “நீங்களே இழுத்துப் பாருங்கய்யா.”

முதலியார் மில் வைப்பதற்கு முன் இருபது வருஷம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர். கூலியைக்கூடத் தாவீதின் கைபடாமல் மேலிருந்து போடுகிறவர். ஆனால் பட்டிழையைக் கண்டதும் அவர் விரல் தானாக நீண்டது. அவன் கையிலிருந்தே இழையை வாங்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, குண்டின் கழுத்தில் விட்டு இழுத்தார். நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார்.

“சிக்குது” என்றார். அவர் குரல் மாறியிருந்தது. தணிகாசலத்தை ஏறிட்டுப் பார்த்தார். “எடுத்துக்கினு போய்யா உன் கப்பலை.”

அத்தோடு தாவீதின் பாடு தீர்ந்துவிட்டது. வேலையும் தப்பியது, உயிரும் தப்பியது. முதலியார் வண்டியில் ஏறி, அவனையும் பின்னால் வரச் சொன்னார். அவன் நாலடி நடந்தான்.

“உங்களுக்கு வாணாம்னா ஆளா இல்ல? அக்கரையில வந்தவாசிக்காரரு ஒருத்தரு இதை வாங்கிக்கக் காத்துக்கினு இருக்காரு” என்று தணிகாசலம் கத்தினான். “வீரபத்திரா, பத்த வைடா விளக்கை!”

ஊதுவிளக்கு சீறத் தொடங்கியது. தாவீதின் கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் போய்க் கரையில் நின்று, “ஏம்பா, அதைத் தொடாத. நீயும் பாத்த இல்ல?” என்றான். வீரபத்திரன் அவனை நிமிர்ந்து பார்த்தான். விரிசல் அவனுக்குத் தெரியும், மை பூசினவனே அவன்தான். “இன்னா பண்ணச் சொல்றபா? வூட்டுல மூணு பொண்ணுங்க” என்றான்.

குண்டு கருஞ்சிவப்பானது, பிறகு ரத்தச் சிவப்பானது. வண்டியிலிருந்து முதலியார் கூப்பிட்டது தாவீதுக்குக் கேட்டது. அவன் அசையவில்லை. ஓடிவிடலாம் என்றிருந்தது. வீரபத்திரன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, ‘முருகா’ என்று சொல்லிச் சக்கரத்தில் கை வைத்துக் குனிந்தான். அவன் முகம் குண்டுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

தாவீது எப்போது படகில் குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு கையால் வீரபத்திரனைத் தள்ளினான். தண்ணீர் இறைக்கிற தகர டின்னைப் பிடுங்கி, ஆற்றில் முக்கி, அந்தக் கலங்கல் தண்ணீரைப் பழுத்த குண்டின் மேல் அப்படியே கொட்டினான்.

‘டணார்’ என்று ஒரு சத்தம். ஆவி எழும்பிப் படகை மறைத்தது. அது விலகியபோது குண்டின் கழுத்து சுற்றிலும் வாய் பிளந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

தணிகாசலம் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “என் இன்ஜினை ஒடைச்சிட்டியேடா, பாவி!” முதலியாரும் மூச்சிரைக்க ஓடிவந்தார். “ஏண்டா, நமக்குத்தான் வாணாம்னு ஆயிடுச்சே! எதுக்குடா இப்டிப் பண்ணே?”

கூட்டம் முழுக்க அவனையே பார்த்தது. தாவீது யாரையும் பார்க்கவில்லை, வீரபத்திரனை மட்டும் பார்த்தான். கண், மூக்கு, வாய், அம்மைத் தழும்பு எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன.

“பயந்துட்டேங்கய்யா” என்றான் தாவீது. நாலு பேர் எதிரில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வீரபத்திரன் இரண்டு கையாலும் தன் முகத்தை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டான்.